நாகசாகிக்குப் போகிற பிள்ளைகளுக்கு

எனக்குத் தூத்துக்குடி. முப்பது வருடத்துக்கு மேல் சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூமில் இருந்தவன். நாகசாகியை முதலில் பார்த்தது 1984 ஆகஸ்டில். எங்கள் கப்பல் பழுதுபார்க்க டிரை டாக்கில் ஏறிப் பதினெட்டு நாள் நின்றது. ஓய்வு பெற்ற பிறகு என் மனைவியோடு மூன்று தடவை, கையில் குடையும் தோளில் பையுமாக, வெறும் பயணியாகப் போய்வந்தேன். இப்போது எங்கள் தெருப் பிள்ளைகள் ஜப்பானுக்கு டிக்கெட் போட்டால் ஒரு நடை வீட்டுக்கு வந்து கேட்டுவிட்டுப் போகிறார்கள். தோக்கியோவும் கியோத்தோவும் எனக்குப் பழக்கமில்லை. நாகசாகி என்றால் உட்கார வைத்துச் சொல்வேன். சொன்னதை எல்லாம் இங்கே எழுதிவைக்கிறேன்.

1. மூன்று இரவு தங்குங்கள். பலர் ஃபுகுவோகாவில் அறை போட்டு, காலையில் ரயிலேறி வந்து, அமைதிப் பூங்காவின் பெரிய சிலை முன்னால் படம் எடுத்து, அருங்காட்சியகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சாயங்காலமே திரும்பிவிடுகிறார்கள். அவர்களுக்கு நாகசாகி என்றால் அணுகுண்டு விழுந்த இடம், அவ்வளவுதான். அந்தக் குண்டு எதன்மேல் விழுந்தது என்று தெரியாமலே ஊர் வந்து சேர்கிறார்கள். கடல் கொண்டுவந்து இறக்கிய மனிதர்கள், மதங்கள், துணி, சர்க்கரை, சொற்கள் எல்லாம் நானூறு வருடத்துக்குக் கொஞ்சம் குறைய ஒன்றோடொன்று கலந்து ஊறிய ஊர் அது. அதை முதலில் பாருங்கள். குண்டு வெடித்த உராகாமிக்குக் கடைசி நாள் போங்கள். நான் சொல்வதில் ஒன்றை மட்டும் கேட்பதானால் இந்த வரிசையைக் கேளுங்கள்.

2. ஃபுகுவோகாவின் ஹகாதா நிலையத்திலிருந்து நேர் புல்லட் ரயில் கிடையாது. 2022 செப்டம்பரில் திறந்த புது ஷிங்கன்சென் பாதை தகேயோ ஒன்சென் என்ற ஊரிலிருந்து நாகசாகி வரை 66 கிலோமீட்டர்தான். அதுவரை வேறு ரயில். இதைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். தகேயோ ஒன்செனில் இறங்கி, அதே பிளாட்பாரத்தின் எதிர்ப்பக்கம் நிற்கிற வண்டியில் ஏறிக்கொள்ள வேண்டியதுதான். எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம் வரும்.

3. பெட்டியை விடுதியில் போட்டதும் இனாசா மலைக்குப் போங்கள். 333 மீட்டர் உயரம், ரோப்வே உண்டு. எல்லோரும் இரவு விளக்குகளைப் பார்க்கப் போவார்கள். நீங்கள் பொழுது சாய ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் நில்லுங்கள், வெளிச்சத்தில் ஊரின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். கடல் ஒரு விரல்போல நிலத்துக்குள் நீளமாக நுழைந்திருக்கும். மூன்று பக்கமும் மலை. புயலுக்கு அஞ்சுகிற கப்பல்காரன் ஒருவன் இப்படி ஒரு துறையைக் கண்டால் விடுவானா? 1571இல் போர்த்துக்கீசியக் கப்பல் இங்கே வந்து வணிகம் தொடங்கியதற்கு இந்த வடிவம்தான் காரணம். அந்தப் பகுதிச் சிற்றரசர் ஓமுரா சுமிதாதா ஏற்கெனவே கிறிஸ்தவராகியிருந்தார். அதுவும் சேர்ந்துகொண்டது.

இப்போது கிழக்கே பார்த்து நின்றுகொண்டு கவனியுங்கள். எதிரே கொன்பிரா மலை. அதற்கு இடது கைப் பக்கம் ஒரு பள்ளத்தாக்கு, வலது கைப் பக்கம் ஒரு பள்ளத்தாக்கு. வலது பக்கம் பழைய ஊர்: வணிகர் தெருக்கள், கோயில்கள், தெஜிமா. இடது பக்கம் உராகாமி. நடுவில் நிற்கும் அந்த மலையை மனதில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் அது தேவைப்படும்.

இறங்குவதற்கு முன் துறைமுகத்தின் ஓரத்தில் நிற்கும் பழைய கிரேனையும் தேடிப் பாருங்கள். 1909இல் ஸ்காட்லாந்திலிருந்து வரவழைத்து நிறுத்தியது. மூசாஷி என்ற ராட்சதப் போர்க்கப்பல் அது நிற்கும் கப்பல் கட்டும் தளத்தில்தான் உருவாகி 1940இல் நீரில் இறங்கியது. மலைமேல் வீடு வைத்திருக்கிற ஊர்க்காரர் கண்ணுக்குக்கூடத் தெரியாமல் மறைக்க, பனை இனத்து நாரில் திரித்த கயிற்றால் திரை முடைந்து தொங்கவிட்டிருந்தார்கள். இப்படி மலையிலிருந்து எல்லாம் தெரிகிற ஊரில் ஒரு கப்பலையே மறைக்கப் பார்த்திருக்கிறார்கள் என்பதை அங்கே நின்று பார்த்தால்தான் முழுதாக விளங்கும்.

4. ஊருக்குள் டிராம் போதும், டாக்ஸி வேண்டாம். 1915 முதல் ஓடுகிறது. எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம். பின்கதவில் ஏறி, இறங்கும்போது முன்கதவில் டிரைவர் பக்கத்திலுள்ள பெட்டியில் காசு போடவேண்டும். பெட்டி மீதி தராது. அதிலேயே நோட்டைச் சில்லறையாக்க ஒரு வாய் உண்டு, வண்டி நின்றிருக்கும்போது முன்கூட்டியே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இறங்குகிறவர்களை நிற்கவைத்துச் சில்லறை எண்ணுவது அங்கே பெரிய சங்கடம். ஒருநாள் பாஸை விடுதியிலோ சுற்றுலா மையத்திலோ வாங்கிக்கொள்ளலாம். நீல நிற 1ஆம் எண் வண்டி நிலையத்திலிருந்து தெஜிமா வழியாகப் போகும். சிவப்பு 3ஆம் எண் அதே நிலையத்திலிருந்து வேறு பக்கம் திரும்பிவிடும். எண்ணைப் பார்த்து ஏறுங்கள்.

5. தெஜிமாவுக்கு ஒரு முழுக் காலைப்பொழுது கொடுங்கள். கிறிஸ்தவ மதம் பரவுவதைப் பார்த்து அஞ்சிய ஷோகுன் அரசு, போர்த்துக்கீசியரை ஊர்மக்களிடமிருந்து பிரித்து வைக்கக் கடலைத் தூர்த்துக் கட்டிய செயற்கைத் தீவு அது. விசிறி வடிவம். நாகசாகி வணிகர்கள் 25 பேர் செலவில் 1636இல் முடிந்தது. மூன்றே வருடத்தில் போர்த்துக்கீசியரை அடியோடு விரட்டிவிட்டு, 1641இல் டச்சுக் கம்பெனிக்காரர்களைக் கொண்டுவந்து அதில் அடைத்தார்கள். இருநூறு வருடத்துக்கும் மேல் ஜப்பானில் ஐரோப்பியர் இருக்க முடிந்த ஒரே இடம் இதுதான். அனுமதியில்லாமல் பாலத்தைத் தாண்ட முடியாது. கோடையில் தென்மேற்குக் காற்றில் கப்பல் வரும், காற்று திரும்பியதும் போய்விடும். மீதி மாதமெல்லாம் ஒரு சிறிய கூட்டம் சுவருக்குள்ளே கடலைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கும்.

தீவு என்று நினைத்துப் போனால் முதலில் ஏமாற்றமாக இருக்கும். சுற்றியிருந்த கடலைப் பின்னால் தூர்த்துவிட்டார்கள். இன்று டிராமும் காரும் ஓடும் தெருக்களுக்கு நடுவில் இருக்கிறது. ஆனால் உள்ளே போங்கள். கிடங்குகளையும் தலைமை அதிகாரியின் மாளிகையையும் பழைய முறைப்படியே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். மேலே ஐரோப்பிய மேசை நாற்காலி, கீழே தத்தாமிப் பாய், சுவரில் ஜப்பானியப் பூக்காகிதம். அந்த அறையில் ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள்.

எனக்கு அங்கே தொண்டை அடைத்ததற்கு வேறு காரணம். அதே டச்சுக் கம்பெனிதான் 1658இல் எங்கள் தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தது. நாகப்பட்டினமும் அதே வருடம் போனது. பழவேற்காட்டில் அதற்கு முன்பே கோட்டை கட்டியிருந்தார்கள். ஒரே கம்பெனியின் கணக்குப் புத்தகங்களில் தெஜிமாவும் தூத்துக்குடியும் இருந்திருக்கின்றன. நாகசாகியில் ஏற்றிய செப்புக் கட்டிகள் சோழமண்டலக் கரையில் விற்றன. நம் கரையில் நெய்த பருத்தித் துணி இந்தப் பக்கம் வந்தது. கோடுபோட்ட ஒரு வகைத் துணிக்கு ஜப்பானியர் வைத்த பெயர் ‘சந்தோமே’. எந்தச் சாந்தோம்? நம் மயிலாப்பூர்ச் சாந்தோம்தான்! போர்த்துக்கீசியர் அந்த ஊருக்கு வைத்த பெயர் கப்பலேறிப் போய் ஜப்பானில் துணியின் பெயராகி நின்றுவிட்டது. பிறகு அவர்களே அதைப் போல நெய்யவும் பழகிவிட்டார்கள். எந்த நெசவாளி கையால் போன துணியோ, அவர் பெயர் எங்கும் இல்லை. அவருடைய ஊர்ப் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

6. காதைத் தீட்டி வையுங்கள். ஜப்பானிய மொழி தெரியாது என்று ஒதுங்கி நிற்காதீர்கள், சில சொற்கள் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அங்கே ரொட்டிக்குப் ‘பான்’. யாழ்ப்பாணத்துக்காரர் ‘பாண்’ என்பார்கள். சட்டைப் பித்தானுக்கு அங்கே ‘போதான்’, நமக்குப் ‘பொத்தான்’. பழைய ஜப்பானியத்தில் கிறிஸ்தவக் குருவுக்குப் ‘பதேரென்’, நாம் ‘பாதிரி’ என்கிறோம். எல்லாம் போர்த்துக்கீசியக் கப்பல் இரண்டு கரையிலும் இறக்கிவிட்டுப் போன சரக்கு. என் மனைவி ஒரு தையல் கடையில் சட்டைப் பொத்தானைக் காட்டி ‘பொத்தான்’ என்று தமிழிலேயே சொன்னாள். கடைக்கார அம்மாள் தலையாட்டிவிட்டு உள்ளே போய் ஒரு டப்பா நிறையப் பொத்தான் எடுத்து வந்தார்.

7. சாப்பாடு. முதலில் கஸ்தெரா. போர்த்துக்கீசியரிடம் கற்ற கேக், இப்போது நாகசாகியின் அடையாளம். முட்டை, சர்க்கரை, மாவு, மால்ட் பாகு, அவ்வளவுதான். வெண்ணெய் கிடையாது. 1624 முதல் செய்துவரும் கடைகூட உண்டு. துண்டின் அடியில் மெல்லிய காகிதம் ஒட்டியிருக்கும். அவசரப்பட்டு இழுக்காதீர்கள், ஓர் ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல உரியுங்கள். அடியில் கரையாமல் நிற்கும் பெரிய சர்க்கரைப் பரல்தான் அதன் உயிர். அவசரக்காரனுக்கு அது காகிதத்தோடு போய்விடும். எங்கள் ஊர் மக்ரூனை நாக்கில் வைத்துக் கரையவிட்டுப் பழகியவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

சர்க்கரை வந்து இறங்கிய துறை என்பதால் நாகசாகிக்காரர் குழம்பிலும் இனிப்புச் சேர்ப்பார்கள். கியூஷுவில் பதார்த்தத்தில் இனிப்புக் குறைந்தால், நாகசாகி தூரமாகிவிட்டது என்று சொல்லும் வழக்கம் உண்டு.

அடுத்தது சம்பொன். சீன மாணவர்கள் வயிறு நிறையச் சாப்பிடட்டும் என்று சீனாவிலிருந்து வந்த ஓர் உணவகக்காரர் மெய்ஜி காலத்தில் தொடங்கிய நூடுல்ஸ். பன்றி எலும்பும் கோழி எலும்பும் வேகவைத்த சாறு, மேலே முட்டைகோஸ், இறால், கணவாய், பன்றி இறைச்சி. சைவக்காரரும் பன்றி சாப்பிடாதவர்களும் கவனமாக இருங்கள். இறைச்சித் துண்டை எடுத்துவிட்டால் போதும் என்று கடைக்காரர் நினைப்பார், சாறே அதில்தான் ஆனது. எதெது சாப்பிடமாட்டீர்கள் என்று ஜப்பானிய மொழியில் ஒரு சீட்டில் எழுதி வாங்கி, ஆர்டர் கொடுப்பதற்கு முன் காட்டுங்கள். மீன் சாறும் பல பதார்த்தத்தில் இருக்கும், அதையும் எழுதச் சொல்லுங்கள். எதுவும் சரிவராத நேரத்தில் கடைகளில் ஊறுகாய்ப் பிளம் வைத்த சோற்று உருண்டை கிடைக்கும். அதற்குத் துணையாக வீட்டிலிருந்து கொஞ்சம் பருப்புப்பொடி கொண்டுபோங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

8. கோயில் தெருவில் காலையில் நடங்கள். சோஃபுகுஜி 1629இல் சீனாவின் ஃபூஜியன் மாகாணத்து வணிகர்கள் கட்டியது. செக்கச்செவேல் என்ற அதன் வாசலைப் பார்த்தால் ஜப்பான் மாதிரியே இருக்காது. கடல் பயணத்துக்குக் காவல் தெய்வமான மாசு அம்மனுக்கும் அங்கே சன்னதி உண்டு. கப்பலில் போனவன் என்ற முறையில் நான் அங்கே கொஞ்ச நேரம் கைகூப்பி நின்றேன். கொஞ்ச தூரத்தில் கோஃபுகுஜி. அந்தக் கோயிலின் சீனத் துறவி மொக்குசு 1634இல் கட்டியதுதான் நகாஷிமா ஆற்றின் இரட்டை வளைவுக் கல்பாலம், மெகானேபாஷி. நீரில் நிழல் விழும்போது மூக்குக்கண்ணாடி போலத் தெரியும், பெயரும் அதுதான்.

பாலத்தருகே கரைச் சுவரில் இதய வடிவக் கல்லைத் தேடிக்கொண்டு ஒரு கூட்டம் நிற்கும். நீங்களும் தேடுங்கள், தப்பில்லை. ஆனால் அந்தச் சுவர் ஏன் அவ்வளவு புதிதாக இருக்கிறது என்றும் ஒரு நிமிடம் யோசியுங்கள். 1982 ஜூலை 23 இரவு கொட்டிய மழையில் மலைச்சரிவுகள் இடிந்து 299 பேர் போனார்கள். இந்த ஆற்றுப் பாலங்கள் பல அடித்துச் செல்லப்பட்டன, மெகானேபாஷியும் பாதி உடைந்தது. ஆற்றில் போன கற்களைத் தேடியெடுத்துத் திரும்பக் கட்டினார்கள். நான் இரண்டு வருடம் கழித்துப் போனபோது ஊர்க்காரர்கள் வானம் கறுத்தாலே பேச்சை நிறுத்திவிட்டு மலையைப் பார்த்தார்கள். ஜூன், ஜூலையில் போகிறவர்கள் மழை எச்சரிக்கை வந்தால் அன்றைய திட்டத்தைக் கைவிட்டுவிட வேண்டும். மறுபேச்சு வேண்டாம்.

9. முழங்கால் வலிக்காரர்களோடு போகிறவர்களுக்கு: ஊரே படிக்கட்டு. குளோவர் தோட்டத்துக்கு எல்லோரும் ஓஉரா தேவாலயப் பக்கமாக மூச்சு வாங்க ஏறுவார்கள். நீங்கள் டிராமில் கடைசி நிறுத்தமான இஷிபாஷிவரை போங்கள். மலைவாசிகள் வீடு போய்ச்சேரக் கட்டிய சாய்வு லிஃப்ட் அங்கிருந்து போகிறது, காசு கிடையாது. மேல்வாசல் வழியாகத் தோட்டத்துக்குள் நுழைந்து இறங்கிக்கொண்டே பார்க்கலாம். தாமஸ் குளோவர் என்ற ஸ்காட்லாந்து வணிகர் 1863இல் கட்டிய வீடு அங்கே இருக்கிறது. ஜப்பானில் இன்றும் நிற்கும் மேல்நாட்டுப் பாணி மரவீடுகளில் அதுதான் மிகப் பழையது. லிஃப்டில் காய்கறிப் பையோடு ஏறும் பாட்டிமாருக்கு முதலில் இடம் விடுங்கள். அது அவர்கள் பாதை.

10. இரண்டாம் நாள் பிற்பகல், நிலையத்துக்கு எதிரேயுள்ள நிஷிசாகா மேட்டுக்கும் பிறகு ஓஉரா தேவாலயத்துக்கும் போங்கள். எந்த மதத்தவராக இருந்தாலும் போங்கள். நிஷிசாகாவில் 1597 பிப்ரவரி 5 அன்று 26 பேரைச் சிலுவையில் ஏற்றினார்கள். கியோத்தோ பக்கத்திலிருந்து கடுங்குளிரில் நடத்தியே கொண்டுவந்தார்கள். அதில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன். கொன்சாலோ கார்சியா என்றொருவர், மும்பைப் பக்கத்து வசாயில் பிறந்தவர். வணிகராக ஜப்பான் வந்து மொழி கற்று, பிறகு துறவு பூண்டவர். சுவரில் வரிசையாக நிற்கும் வெண்கல உருவங்களைச் சிற்பி ஃபுனாகோஷி யாசுதாகே வடித்தார். கால்கள் தரையில் பாவாமல் தொங்குவதைக் கிட்டப் போய்ப் பாருங்கள்.

நம் முத்துக்குளித்துறையில் மணப்பாட்டிலும் ஊர் ஊராகவும் நடந்த சவேரியார்தான் 1549இல் ஜப்பானுக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுபோனவர். அவர் நாகசாகிக்கு வந்ததில்லை. விதைத்தது அவர், அறுவடையும் அழிவும் இங்கே நடந்தன. தடை வந்த பிறகு நாகசாகி மக்களை வருடம் பிறந்ததும் வரிசையில் நிறுத்தி, ஏசு, மரியா உருவம் பொறித்த தகட்டை மிதிக்கச் சொன்னார்கள். மிதித்துவிட்டு வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு அழுதவர்கள், குருவும் கோயிலும் புத்தகமும் இல்லாமல், காதோடு காதாகப் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக் கொடுத்து ஏழு தலைமுறை காப்பாற்றினார்கள். மரியாவைப் பௌத்தக் கன்னோன் வடிவில் செய்து வைத்துக் கும்பிட்டார்கள்.

ஓஉரா தேவாலயத்தைத் திறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. 1865 மார்ச் 17. உராகாமி கிராமத்திலிருந்து சிலர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் போல வாசலில் நின்றார்கள். உள்ளே மண்டியிட்டிருந்த பிரெஞ்சுக் குரு பெத்திஜான் அருகே ஒரு பெண் வந்து, எங்கள் நெஞ்சும் உங்கள் நெஞ்சும் ஒன்றுதான் என்ற பொருளில் தாழ்ந்த குரலில் சொல்லி, மரியாள் சுரூபம் எங்கே என்று கேட்டார். அந்தச் சுரூபம் இன்றும் அதே கோயிலில் இருக்கிறது. உள்ளே படம் எடுக்கக்கூடாது, எடுக்காதீர்கள். பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பாருங்கள்.

வெளிப்பட்டதற்குத் தண்டனையும் கிடைத்தது. உராகாமிக்காரர் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரை நாட்டின் பல பகுதிகளுக்குச் சிதறடித்து அனுப்பினார்கள். 1873இல் தடை நீங்கியபோது திரும்பி வந்தவர்கள், தங்களை மிதிக்கவைத்து விசாரித்த அதே ஊர்த்தலைவர் வீட்டு மனையை விலைக்கு வாங்கி, அந்த இடத்தில் பேராலயம் கட்டினார்கள். 1914இல் திறந்தது. கோபுரங்கள் 1925இல் முடிந்தன.

11. இப்போது உராகாமிக்குப் போங்கள்.

1945 ஆகஸ்ட் 9. குண்டு கொண்டுவந்த விமானம் முதலில் போனது கொக்குரா நகரத்துக்கு. புகையும் மூட்டமும் மறைத்ததால் நாகசாகிக்குத் திரும்பியது. இங்கேயும் மேகம். குறிவைத்தது பழைய ஊரின் நடுவை, வெடித்தது மூன்று கிலோமீட்டர் தள்ளி உராகாமிக்கு மேலே, சுமார் 500 மீட்டர் உயரத்தில். மணி 11:02. இனாசா மலையிலிருந்து பார்த்த அந்த நடு மலை ஞாபகம் இருக்கிறதா? அதுதான் குறுக்கே நின்று வலது பள்ளத்தாக்கை ஓரளவு காத்தது. நீங்கள் நேற்று நடந்த சிவப்பு வாசலும் கல்பாலமும் அதனால்தான் மிஞ்சின. இடது பள்ளத்தாக்கு முழுதாக எரிந்தது. அந்த வருட முடிவுக்குள் சுமார் 74,000 பேர் இறந்தார்கள். இருநூற்றைம்பது வருடம் ஒளிந்து வாழ்ந்து மீண்ட உராகாமிக் கிறிஸ்தவர் ஏறக்குறைய 12,000 பேரில் 8,500 பேர் போனார்கள். மாதா திருநாளுக்காகப் பேராலயத்தில் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. நேற்று அந்தப் பெண் கேட்ட கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு வந்தவருக்குத்தான் இந்த எண் எண்ணாகத் தெரியாது.

அமைதிப் பூங்கா நிறுத்தத்தில் இறங்கி, சிலைக்குப் போகாமல் முதலில் வெடிப்பு மையத்துக்குப் போங்கள். ஒரு கறுப்புக் கல்தூண், பக்கத்தில் பேராலயச் சுவரின் ஒரு துண்டு. ஆற்றோரம் சில படி இறங்கினால், கண்ணாடிக்குப் பின்னால் அன்றைய மண்ணை அப்படியே விட்டிருக்கிறார்கள். ஓட்டுத்துண்டு, செங்கல், உருகிய கண்ணாடி, சோற்றுக் கிண்ணத்தின் உடைசல். அருங்காட்சியகத்தில் இருக்கும் எதையும்விட அந்த மண் என்னை அசைத்தது. பூங்காவின் ஓர் ஒதுக்கில் 1979இல் எழுப்பிய சிறிய கல் ஒன்று உண்டு. வேலைக்காகப் பிடித்துவரப்பட்டு இங்கே இறந்த கொரியர்களுக்கானது. பலர் தாண்டிப் போய்விடுவார்கள், நீங்கள் நில்லுங்கள்.

அருங்காட்சியகத்துக்கு வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டாம், வெறும் வயிற்றோடும் வேண்டாம். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போவதானால் முன்னிரவே பேசித் தயார் செய்யுங்கள். பக்கத்து நினைவு மண்டபத்தில் நிலத்துக்கடியில் பன்னிரண்டு கண்ணாடித் தூண்கள், இறந்தவர் பெயர்ப் புத்தகங்கள். மேலே தண்ணீர்த் தொட்டி. தண்ணீர் தண்ணீர் என்று கேட்டே செத்தவர்களுக்கான தண்ணீர் அது. கைவிட்டு அளையாதீர்கள்.

பிறகு நடந்து, டாக்டர் நகாய் தகாஷி வாழ்ந்த குடிசைக்குப் போங்கள். இரண்டு பாய் விரிக்கும் அகலம்தான். கதிரியக்க மருத்துவர், வெடிப்புக்கு முன்பே ரத்தப்புற்று வந்தவர். அடுப்படியில் மனைவியின் எலும்பையும் ஜெபமாலையையும் கண்டெடுத்தவர். அங்கே படுத்தபடியே எழுதி, 1951இல் இறந்தார். சன்னோ கோயிலின் ஒற்றைக்கால் தோரணமும் கருகித் தளிர்த்த இரண்டு கற்பூர மரங்களும் இன்னும் கொஞ்சத் தூரம். மரத்தடியில் உட்கார இடம் உண்டு. பேராலயத்தை 1959இல் திரும்பக் கட்டினார்கள். இரண்டு மணிகளில் ஒன்று இடிபாட்டில் முழுசாகக் கிடைத்தது. மற்ற கோபுரம் எண்பது வருடம் காலியாக இருந்து, 2025 ஆகஸ்ட் 9 அன்றுதான் இரண்டும் சேர்ந்து ஒலித்தன.

1984இல் நான் என்ன செய்தேன் தெரியுமா? இறங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமையே நண்பர்களோடு சிலை முன்னால் தோளில் கைபோட்டுச் சிரித்துப் படம் எடுத்துக்கொண்டேன். அடுத்த வியாழன் ஆகஸ்ட் 9. டாக்கில் பம்பைப் பிரித்துக்கொண்டிருந்தோம். திடீரென்று ஊர் முழுக்கச் சைரன். தீப்பிடித்துவிட்டது என்று நான் ஹோஸை நோக்கி ஓடினேன். ஓடும்போதுதான் பார்த்தேன், வேறு யாருமே ஓடவில்லை. வெல்டர் நெருப்பை அணைத்துத் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். என்னோடு வேலைபார்த்த வயதான பிட்டர் எண்ணெய்க் கையை இரண்டு பக்கமும் தொங்கவிட்டு, வடக்கே உராகாமிப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடி நின்றார். சைரன் அடங்கியதும் அவர் கை துடைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து நட்டைக் கழற்றத் தொடங்கினார். அந்தப் படத்தை நான் இன்றுவரை யாருக்கும் காட்டியதில்லை. நீங்கள் சிலை முன்னால் படம் எடுங்கள், யாரும் தடுக்கமாட்டார்கள். சிரிக்காமல் எடுங்கள்.

12. ஹாஷிமா தீவுக்குப் படகு உண்டு. கடலுக்கடியில் நிலக்கரி எடுத்த சிறு தீவு. 1916இல் ஜப்பானின் முதல் கான்கிரீட் அடுக்குமாடி எழுந்த இடம். 1959இல் 5,259 பேர் நெருக்கியடித்து வாழ்ந்து, 1974இல் சுரங்கம் மூடியதும் மூன்றே மாதத்தில் காலியானது. அலை இருந்தால் இறக்கமாட்டார்கள், சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அதை எண்ணிப் பணம் கட்டுங்கள். வழிகாட்டி வாழ்ந்த குடும்பங்களின் கதையைச் சொல்வார். போர்க்காலத்தில் கட்டாயமாக இறக்கப்பட்ட கொரிய, சீனத் தொழிலாளர் கதையை நீங்கள் முன்பே படித்துவிட்டுப் போங்கள்.

13. எப்போது போவது? அக்டோபர் 7, 8, 9 தேதிகளில் சுவா கோயிலின் குஞ்சித் திருவிழா, 1634 முதல் நடப்பது. சீன நாக ஆட்டமும் டச்சுக் கப்பல் தேரும் ஒரே திருவிழாவில் வரும். ஒவ்வொரு தெருவுக்கும் ஏழு வருடத்துக்கு ஒருமுறைதான் ஆடும் முறை வரும். அறைகள் கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே போடுங்கள்.

என்னைக் கேட்டால் ஆகஸ்ட் 15 சாயங்காலத்தைச் சொல்வேன், ஷோரோ நகாஷி. அந்த வருடம் சாவு விழுந்த வீட்டார், இறந்தவர் ஆவி கரையேறிப் போக ஒரு படகு கட்டி, விளக்கும் படமும் வைத்துத் தெருவில் இழுத்துவருவார்கள். வழி நெடுகப் பட்டாசு. மூட்டை மூட்டையாக வெடி, தெரு முழுக்கப் புகை, பேச்சே கேட்காது. மற்ற வெளிநாட்டுக்காரர்கள் திகைத்துப் போவார்கள். நமக்குத் திகைப்பு வராது. ஒரு கட்டு வெடியைக் கொளுத்தி எறிந்துவிட்டு, அப்பாவின் படகைத் திரும்பவும் தோள்கொடுத்துத் தள்ளிய பையனைப் பார்த்தபோது, எங்கள் தெருவில் பெரியவர்களை வெடியோடு வழியனுப்பியதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. காதுக்குப் பஞ்சு, காலுக்கு மூடிய செருப்பு. ஓரமாக நில்லுங்கள். படகுக்கு முன்னால் போய்ப் படம் எடுக்கக் கூடாது, அது ஒருவர் வீட்டுத் துக்கம்.

14. ஏப்ரலில் போகிறவர்களுக்கு மட்டும். மலைமேல் பட்டம் விடுவார்கள். நாகசாகியில் அதற்கு ‘ஹதா’ என்று பெயர். மூங்கில் குச்சி, சாய்சதுரக் காகிதம், வால் இல்லை. சிவப்பும் வெள்ளையும் நீலமும் அதிகம். நூலில் கண்ணாடித்தூள் பூசி ஒருவர் பட்டத்தை ஒருவர் அறுப்பார்கள். தெஜிமாவில் டச்சுக்காரரோடு வந்து வேலைபார்த்த ஆசியத் தொழிலாளிகள் விட்ட பட்டத்திலிருந்து வந்தது என்று சொல்வார்கள். பார்த்ததும் நம் ஊர்க் காற்றாடி என்றே நினைப்பீர்கள். காசகாஷிரா மலைப் பக்கம் கையால் செய்து விற்பார்கள். ஒன்று வாங்கி, குச்சி ஒடியாமல் பெட்டியில் இரண்டு சேலைக்கு நடுவே வைத்துக் கொண்டுவாருங்கள். நூல் மட்டும் வாங்கவேண்டாம். மாஞ்சாவுக்கு இங்கே தடை இருக்கிறது.